பாராதைராய்டு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு: டர்பன் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

கழுத்தில் இரண்டு விரற்கடை கீறல், ஓர் இரவு ஆஸ்பத்திரி, மறுநாள் வீடு. பாராதைராய்டு ஆபரேஷனைப் பற்றி எனக்கு முன்கூட்டியே சொன்னது இவ்வளவுதான். சொன்னதில் பொய் ஏதும் இல்லை. காயம் சின்னதுதான், வலியும் நான் பயந்த அளவுக்கு இல்லை. ஆனால் உடம்புக்கு உண்மையான வேலை ரத்தத்திலும் எலும்பிலும்தான் நடக்கிறது. அது மும்முரமாகும் இரண்டாம், மூன்றாம் நாளில் பக்கத்தில் நர்ஸ் இருக்க மாட்டார். நம் வீட்டுச் சமையலறையில் நாமே நின்றுகொண்டிருப்போம்.

எனக்கு இந்த ஆபரேஷன் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் நடந்தது. அதற்கு இரண்டு வருஷம் கழித்து, சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவிலேயே இருக்கிற ஓர் ஆயாவுக்கும் நடந்தது. அவருக்கு டயாலிசிஸும் உண்டு. இரண்டு வீட்டிலும் கற்றுக்கொண்டதை, புதிதாக இந்த நோயின் பெயரைக் கேட்டுக் கலங்கியிருக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் சர்ஜன் சொல்வது இதிலிருந்து மாறினால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

இது தெரிந்தால் பாதி பயம் போய்விடும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்பக்கம் அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள் இருக்கின்றன. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. தைராய்டோடு பெயரில் மட்டும்தான் உறவு, வேலை முற்றிலும் வேறு. பெரும்பாலானவர்களுக்கு நான்கில் ஒன்றுதான் கெட்டுப்போய் வீங்கி, ஹார்மோனை அளவுக்கு மீறிச் சுரக்கும். அந்த ஹார்மோன் எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்தில் கொட்டும். எலும்பு மெலியும், சிறுநீரகத்தில் கல் சேரும், தாகம் எடுக்கும், மறதி வரும், உடம்பு சும்மாவே அசந்துபோகும்.

கெட்ட சுரப்பியை எடுத்தவுடன் அந்த ஹார்மோன் சில நிமிடங்களிலேயே ரத்தத்திலிருந்து கரைந்துவிடும். அதனால்தான் பல இடங்களில் ஆபரேஷன் மேசையிலேயே, எடுத்த பத்து நிமிடத்தில் ரத்தம் பார்த்து, அளவு பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள். இவ்வளவு நாள் வேலை இல்லாமல் தூங்கிக்கிடந்த மற்ற மூன்று சுரப்பிகளும் உடனே விழிப்பதில்லை. அவற்றுக்குச் சில நாள் வேண்டும். அதே நேரம், வருஷக்கணக்கில் பட்டினி கிடந்த எலும்பு கிடைத்த கால்சியத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். டாக்டர்கள் இதற்கு வைத்திருக்கிற பெயரே 'பசித்த எலும்பு' என்பதுதான். இரண்டும் சேர்ந்து ரத்தத்தில் கால்சியம் இறங்குகிறது. ஆபரேஷன் ஆன இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் அது மிகக் கீழே போகும். நாட்காட்டியில் அந்த மூன்று நாளையும் இப்போதே வட்டம் போட்டு வையுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்

மாத்திரையை முன்னதாகவே வாங்கி வையுங்கள். எனக்கு வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். மாத்திரைச் சீட்டைக் கையில் கொடுத்தார்கள், மாத்திரையைக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை வாங்கிக்கொள்ளலாம் என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு உதடு மரத்தபோது, திறந்திருக்கிற மருந்துக்கடையைத் தேடி என் கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு அலைந்தார். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம். கிளிக்ஸிலோ டிஸ்கெமிலோ உங்கள் தெருமுனைக் கடையிலோ சீட்டு இல்லாமலே கால்சியம் மாத்திரை கிடைக்கும். எந்த வகை, எத்தனை என்று மட்டும் சர்ஜனிடம் முன்பே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மென்று தின்னும் வகையில் ஒரு டப்பா இருந்தால் நல்லது, அவசரத்துக்கு அதுதான் கை கொடுக்கும்.

டப்பாவின் மேல் எழுதியிருக்கிற எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். 1250 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் மாத்திரையில் உண்மையான கால்சியம் 500 மில்லிகிராம்தான் இருக்கும். சிட்ரேட் வகையில் இன்னும் குறைவு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. டாக்டர் சொல்கிற அளவு எதைக் குறிக்கிறது என்று கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

வைட்டமின் டி குறைவாக இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே சரிசெய்வார்கள். வருஷம் முழுக்க வெயில் அடிக்கிற டர்பனில் இருந்துகொண்டு அது எப்படிக் குறையும் என்று நினைக்க வேண்டாம். கறுத்த தோலும், வீட்டுக்குள்ளேயே இருக்கிற வழக்கமும் சேர்ந்தால் குறையும். முடிக்கும் நகத்துக்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும், ஹார்மோன் டெஸ்ட் எண்ணை அது மாற்றிக் காட்டிவிடும்.

மெடிக்கல் எய்ட் என்கிற மருத்துவக் காப்பீடு இருந்தால் முன் அனுமதி எண்ணை வாங்கி, கையில் எழுதியே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாதவர்கள் அரசு வழியில் போக வேண்டும். பக்கத்து கிளினிக்கில் தொடங்கி, ஆர். கே. கான் மாதிரி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கிருந்து கடிதத்தோடு இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். அங்கே கடிதம் இல்லாமல் நேராகப் போக முடியாது. எந்த வழியானாலும் ஒரு பிளாஸ்டிக் பை வைத்து, ரத்த ரிசல்ட், ஸ்கேன் பேப்பர், டிஸ்சார்ஜ் கடிதம் எல்லாவற்றையும் அதிலேயே போடுங்கள். ராத்திரி வேறொரு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் அந்தப் பைதான் உங்களுக்காகப் பேசும்.

பெண்களுக்கு ஒன்று. தாலிச் சங்கிலி காயத்தின் மேலேயே வந்து உட்காரும். ஆபரேஷனுக்கு எப்படியும் கழற்றச் சொல்வார்கள். காயம் மூடும்வரை திரும்பப் போட வேண்டாம். மனசு கேட்காவிட்டால் மெல்லிய நூல் சரட்டில் கோத்து, காயத்துக்குக் கீழே தொங்குகிற மாதிரி நீளமாகப் போட்டுக்கொள்ளலாம். எனக்கு என் மாமியாரே கழற்றி மஞ்சள் துணியில் முடிந்து சாமி விளக்கு முன்னால் வைத்தார். அதன் பிறகு மனசு அமைதியாகிவிட்டது. அப்புறம், தலை வழியாகப் போடுகிற உடுப்பு வேண்டாம், முன்பக்கம் பொத்தான் வைத்த நைட்டியோ சட்டையோ எடுத்துப் போங்கள்.

முதல் இரவு

தொண்டை கரகரக்கும். மயக்கத்தின்போது தொண்டைக்குள் குழாய் வைத்திருப்பார்கள், அதனால்தான். குரல் கம்மியிருப்பதும் சகஜம், பெரும்பாலும் சில நாளில் சரியாகும். குரல் நரம்பு அந்தச் சுரப்பிகளை உரசிக்கொண்டு போவதால் சிலருக்குச் சில வாரமும் ஆகலாம். தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது, குரல் காற்றாகப் போகிறது, வாரங்கள் போயும் தெளியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், காது மூக்கு தொண்டை டாக்டர் பார்க்க வேண்டியிருக்கும்.

இரண்டு மூன்று தலையணை வைத்துத் தலையை உயர்த்திப் படுங்கள், வீக்கம் குறையும்.

அபூர்வமாக வருவது ஒன்று இருக்கிறது, ஆனால் வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. கழுத்துக்குள் ரத்தம் கசிந்து தேங்கினால் கழுத்து இறுகி உப்பிக்கொண்டே வரும், மூச்சு முட்டும், எச்சில் விழுங்க முடியாது. பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்தில்தான் இது வரும். அப்படி இருந்தால் நிமிர்ந்து உட்கார வைத்து உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். அரசு ஆம்புலன்ஸுக்கு 10177, கைப்பேசியிலிருந்து 112. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்த ராத்திரி பக்கத்தில் ஒருவர் தூங்க வேண்டும். தனியாக இருக்கிறவர்கள் சொந்தக்காரர் வீட்டிலேயே தங்கிவிடுங்கள்.

கால்சியம்: முதல் இரண்டு வாரம்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

கால்சியம் இறங்கினால் முதலில் உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். விரல் நுனியும் கால் விரலும் மரமரக்கும். சிலருக்கு நாக்கு நுனி மரக்கும், முகம் இறுக்கிப் பிடித்தாற்போல் இருக்கும். இன்னும் இறங்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால் கைவிரல்கள் தானாகக் குவிந்து இழுத்துக்கொள்ளும், நீட்டினாலும் நீளாது.

எனக்கு வந்த அந்த ஞாயிறு ராத்திரி, கையை அழுத்திப் படுத்ததால்தான் மரத்திருக்கிறது என்று இரண்டு மணி நேரம் யாரிடமும் சொல்லவில்லை. ஆயா வீட்டில் இதைவிட மோசம். அவர் டிஸ்சார்ஜ் ஆகி வந்த மறுநாள் காலை நான் பார்க்கப் போனபோது, டீக் கோப்பையைப் பிடிக்க முடியாமல் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். கேட்டால், "ஒண்ணுமில்ல கண்ணு, கை தூங்கிப்போச்சு. இதுக்கெல்லாம் போய் டாக்டர தொந்தரவு பண்ணுவாங்களா?" என்றார். அடுத்த அரை மணி நேரத்தில் நாங்கள் கேஷுவால்டியில் இருந்தோம். ரத்த நாளம் வழியாக மெதுவாகக் கால்சியம் ஏற்றிய பிறகுதான் விரல் விரிந்தது.

பொறுத்துக்கொள்வதைப் பெரிய குணமாகச் சொல்லி வளர்த்துவிட்டார்கள் நம்மை. வேறு எதற்கு வேண்டுமானாலும் பொறுங்கள், இந்த மரமரப்புக்குப் பொறுக்காதீர்கள். சொன்னால் மாத்திரையில் போகிற விஷயம் இது. சொல்லாமல் விட்டால் வலிப்பு வரலாம், இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம்.

என்ன செய்ய வேண்டும் என்றால்:

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக உதட்டையும் விரல் நுனியையும் தொட்டுப் பாருங்கள். அதே போல் மத்தியானம், சாயங்காலம், படுக்கும் முன். ஒரு நோட்டில் நேரத்தைப் போட்டு 'இல்லை', 'கொஞ்சம்', 'நிறைய' என்று ஒரு சொல் எழுதுங்கள். எடுத்த மாத்திரையையும் பக்கத்திலேயே குறியுங்கள். எழுதாவிட்டால் மூன்றாம் நாளே, மத்தியான மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்று குழப்பம் வந்துவிடும்.

சர்ஜன் சொன்ன அளவை நேரம் தவறாமல் எடுங்கள். பலருக்கு முதல் வாரம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். மரமரப்பு இல்லை என்று முதல் வாரத்திலேயே நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மரமரப்பு வந்தால் கூடுதலாக எத்தனை மாத்திரை எடுக்கலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்பதை டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வாங்குங்கள். கூடுதல் மாத்திரை எடுத்தும் ஒரு மணி நேரத்தில் தணியவில்லை, அல்லது ஒரு வேளை மாத்திரைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் மரமரப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்றால் சர்ஜனின் ரூம்ஸுக்கு போன் செய்யுங்கள். ரூம்ஸ் மூடுகிற நேரம் ஆகிவிட்டால் கேஷுவால்டிக்குப் போங்கள். விரல் இழுத்துக்கொண்டாலோ, மூச்சுத் திணறினாலோ, படபடப்பு வந்தாலோ போனெல்லாம் வேண்டாம், நேராகப் போய்விடுங்கள். போனவுடன் "பாராதைராய்டு ஆபரேஷன் ஆகி இத்தனை நாள், கால்சியம் இறங்கியிருக்கலாம்" என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லுங்கள். அங்கே இருக்கிற இளம் டாக்டர் இந்த ஆபரேஷனை அதிகம் பார்த்திருக்க மாட்டார், நீங்கள் சொல்கிற அந்த வாக்கியம் நேரத்தை மிச்சப்படுத்தும்.

மாத்திரை எடுக்கும் முறையிலும் சில விஷயம் இருக்கிறது. கார்பனேட் வகை சாப்பாட்டோடு எடுத்தால்தான் உடம்பில் சேரும். அதற்கு வயிற்று அமிலம் வேண்டும். நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல் போன்ற மாத்திரை தினமும் எடுப்பவர்களுக்குச் சிட்ரேட் வகை பொருந்தும், அதை வெறும் வயிற்றிலும் எடுக்கலாம். ஒரே தடவையில் 500, 600 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு நன்றாக உறிஞ்சாது, அதனால் மூன்று வேளை மாத்திரையையும் காலையிலேயே விழுங்கிவிட்டால் வீண். தைராய்டு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையையும் தள்ளி எடுங்கள். இங்கே நிறையப் பேர் எச்.ஐ.வி.க்கு எடுக்கிற டோலுடெக்ராவிர் சேர்ந்த மாத்திரையோடும் கால்சியம் மோதும், மருந்தாளரிடம் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். அவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம், அவர் வேலையே அதுதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் கால்சியத்தைக் குறைப்பதற்காக சினகால்செட் கொடுத்திருந்தால், அதை நிறுத்த வேண்டுமா என்று டிஸ்சார்ஜ் அன்றே கேளுங்கள். பழைய மாத்திரைப் பெட்டியிலிருந்து பழக்கத்தில் எடுத்து விழுங்கிவிட்டால் கால்சியம் இன்னும் இறங்கும். ரத்தக் கொதிப்பு மாத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

முதல் வாரத்தில் ஒருமுறையாவது ரத்தம் பார்ப்பார்கள். இங்கே ரிசல்ட் மில்லிமோல் கணக்கில் வரும். லேபுக்கு லேப் சற்று மாறினாலும், 2.15க்கும் 2.5க்கும் இடையில் இருந்தால் பொதுவாகச் சரி. இந்தியாவில் இருக்கிற அக்காவோ தங்கையோ போனில் "எட்டரையா ஒன்பதா" என்று கேட்டால் குழம்பாதீர்கள், அவர்கள் சொல்வது மில்லிகிராம் கணக்கு. மில்லிமோலை நான்கால் பெருக்கினால் ஏறக்குறைய அவர்கள் எண் வந்துவிடும். எவ்வளவு கொடுத்தும் கால்சியம் ஏறவில்லை என்றால் மக்னீசியத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், அது குறைந்திருந்தால் கால்சியம் நிற்காது.

கால்சியம் மாத்திரையால் மலச்சிக்கல் வரும். கோடீன் கலந்த வலி மாத்திரையும் சேர்ந்தால் படாத பாடுதான். பனாடோவே, அதாவது பாராசிட்டமாலே, பெரும்பாலும் போதும்.

சாப்பாடு

முதல் இரண்டு மூன்று நாள் விழுங்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கும். மீலி ரைஸ் என்கிற மக்காச்சோள நொய்க் கஞ்சியில் சவர் மில்க் (புளித்த பால்) ஊற்றிக் குடித்ததுதான் எனக்கு முதலில் இறங்கிய சாப்பாடு. மாரியம்மன் கூழ் ஊற்றுகிற நாளில் குடிக்கிற அதே ருசி. குழைந்த சோறு, பருப்பு, ரசம், தயிர் எல்லாம் சரிதான். ரொட்டியை டீயில் நனைத்துச் சாப்பிடுங்கள். ரொட்டிக்குள் கறி வைக்கிற பனி சௌவும் காரக் குழம்பும் ஒரு வாரம் காத்திருக்கட்டும்.

"கால்சியம் அதிகமாகித்தானே ஆபரேஷன் செய்தோம், இனி பால் தயிர் தொடக்கூடாது" என்று எங்கள் வீட்டிலேயே ஒருவர் சொன்னார். இது தலைகீழான புரிதல். பால் குடித்ததால் வந்த நோயே இல்லை இது. இப்போது எலும்புக்குக் கால்சியம் வேண்டும், தாராளமாகச் சாப்பிடுங்கள். டின்னில் வருகிற பில்சர்ட் மீனை முள்ளோடு சேர்த்துச் சட்னியாகச் செய்கிறோமே, அந்த மெத்தென்ற முள்ளில்தான் கால்சியம் இருக்கிறது, ஒதுக்கி வைக்காதீர்கள். கேழ்வரகும் நல்லது. கீரையில் ஒரு நுணுக்கம்: இங்கே கடையில் 'ஸ்பினச்' என்று கட்டுக் கட்டாக விற்பது உண்மையில் சுவிஸ் சார்ட். அதில் இருக்கிற ஆக்ஸலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் கால்சியத்துக்கென்று அதை நம்ப வேண்டாம். முருங்கைக்கீரை அதைவிட மேல்.

எவ்வளவு சாப்பிட்டாலும் முதல் இரண்டு வாரம் மாத்திரைக்குப் பதில் ஆகாது.

காயம்

பசையோ ஒட்டுப் பட்டையோ போட்டிருப்பார்கள். ஓரிரு நாளில் குளிக்கலாம், தண்ணீர் மேலே வழிந்து ஓடலாம், தேய்க்கக் கூடாது. ஒற்றித் துடையுங்கள். மஞ்சள், விபூதி, தேங்காய் எண்ணெய் எதுவும் காயத்தில் வைக்காதீர்கள். பூசாரி அன்போடு விபூதி பூச வந்தாலும் நெற்றியோடு நிறுத்தச் சொல்லுங்கள். கடலில் இறங்குவது, நீச்சல் குளம் எல்லாம் காயம் முழுதாக மூடிய பிறகு. சிவந்து சுடுகிறது, சீழ் வருகிறது, காய்ச்சல் அடிக்கிறது என்றால் காட்டுங்கள்.

நம் தோலுக்குத் தழும்பு கறுக்கும், சிலருக்குத் தடித்து மேடாகும். டர்பன் வெயில் அதைக் கூட்டும். முதல் ஒரு வருஷம் வெளியே போகும்போது முந்தானையோ ஸ்கார்ஃபோ போட்டு மறையுங்கள், மூடிய பிறகு சன்ஸ்கிரீனும் தடவலாம். முன்பே கெலாய்டு என்கிற தடித்த தழும்பு வந்தவர்கள் சிலிகான் ஜெல்லைப் பற்றிச் சர்ஜனிடம் கேளுங்கள். தழும்பைச் சுற்றி மரத்திருப்பதும், விழுங்கும்போது தோல் கூடவே இழுபடுவதும் சில வாரம், சில மாதம் இருக்கும். அந்த மரப்பு வேறு, கால்சியம் மரப்பு வேறு. கால்சியம் என்றால் உதட்டிலும் விரலிலும் இருக்கும்.

நடப்பது, தூக்குவது, வண்டி ஓட்டுவது

முதல் நாளே வீட்டுக்குள் நடங்கள். கழுத்தை அசைக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டால் தோளும் பிடறியும் பிடித்துக்கொள்ளும், மெதுவாக இரண்டு பக்கமும் திருப்புங்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் கனம் தூக்காதீர்கள். பத்துக் கிலோ அரிசி மூட்டையும் வேண்டாம், பேரப்பிள்ளையை இடுப்பில் தூக்குவதும் வேண்டாம். உட்கார்ந்த இடத்தில் மடியில் வைத்துக் கொஞ்சுங்கள்.

கழுத்தை இருபக்கமும் வலியில்லாமல் திருப்ப முடிந்து, கோடீன் மாத்திரையும் நின்ற பிறகு வண்டி ஓட்டலாம். பலருக்கு ஒரு வாரம் போல ஆகும். சீட் பெல்ட் கழுத்தில் படுகிற இடத்தில் மெத்தென்ற துண்டு ஒன்றை மடித்து வையுங்கள். மினிபஸ் டாக்ஸியில் முதல் வாரம் போகாமல் இருப்பது நல்லது. திடீர் பிரேக்கில் கழுத்து வெட்டி இழுக்கும். வேறு வழி இல்லாவிட்டால் கூட்டம் குறைந்த நேரத்தில் ஏறுங்கள்.

உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஒன்றிரண்டு வாரத்தில் திரும்பலாம். ஃபேக்டரியில் நின்று மூட்டை தூக்குகிறவர்கள் சிக் நோட்டைக் கூடுதல் நாளுக்குக் கேட்டு வாங்குங்கள்.

விரதமும் காவடியும்

இதை டாக்டர்கள் கேட்க மாட்டார்கள், நாம்தான் சொல்ல வேண்டும். புரட்டாசி மாதத்தில் ஆபரேஷன் வந்தால் மரக்கறி சாப்பாடு ஒரு தடையே இல்லை, பாலும் தயிரும் பருப்பும் போதும். ஆனால் வேளை தவறிய பட்டினி விரதம் முதல் மாதம் வேண்டாம். மாத்திரை சாப்பாட்டோடு போக வேண்டும் என்பதை மறக்காதீர்கள். தைப்பூசக் காவடி நேர்ந்துகொண்டவர்கள், ஈஸ்டர் வாரம் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோவிலில் நேர்த்தி இருக்கிறவர்கள், காயம் ஆறி கால்சியம் நிலைக்கு வரும் வரை அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவையுங்கள். வெயிலில் பட்டினியோடு மணிக்கணக்காக நடப்பதும், தோளில் காவடி சுமப்பதும் இப்போது உடம்பு தாங்காது. முருகன் காத்திருப்பான். நான் அந்த வருஷம் ஒரு பால்குடத்தை மகள் கையில் கொடுத்து அனுப்பினேன்.

டயாலிசிஸ் இருக்கிறவர்களுக்கு

மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது. உங்களுக்கு நான்கு சுரப்பியும் வீங்கியிருக்கும், அதில் மூன்றரையை அல்லது நான்கையும் எடுத்திருப்பார்கள். எலும்பின் பசி பல மடங்கு அதிகம். பல நாள் ஆஸ்பத்திரியில் வைத்து நாளம் வழியாகக் கால்சியம் ஏற்ற வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் மாத்திரை எண்ணிக்கை மலைக்க வைக்கும், வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீளும். கூடவே வீரியமான வைட்டமின் டி இருக்கும். பால், தயிர், பில்சர்ட் எல்லாவற்றிலும் பாஸ்பேட் உண்டு, தண்ணீருக்கும் அளவு உண்டு. எனவே சாப்பாட்டைப் பற்றி டயாலிசிஸ் சிஸ்டரையும் டயட்டீஷியனையும் மட்டுமே கேளுங்கள். வலிக்கு இப்யூப்ரோஃபென் வகை வேண்டாம். ஒவ்வொரு டயாலிசிஸ் நாளும் கால்சியம் எண்ணைக் கேட்டு நோட்டில் எழுதுங்கள். ஆயாவின் மருமகள் இதை ஆறு வாரம் விடாமல் செய்தாள். எண் இறங்குவதை ஒருமுறை முதலில் கவனித்தது அவள்தான்.

மனசும் சோர்வும்

சிலர் மயக்கம் தெளிந்த அன்றைக்கே தலையிலிருந்து மூட்டை இறங்கிய மாதிரி இருக்கிறது என்பார்கள். எனக்கு அப்படி இல்லை. இரண்டு வாரம் அசதி, காரணமில்லாமல் அழுகை. ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருப்பது நின்றதைத்தான் முதலில் கவனித்தேன். பிறகு ஒரு நாள், அடுப்பில் பால் வைத்ததை மறக்காமல் இருந்தேன். மூட்டு வலி குறைய இரண்டு மாதம் ஆனது. அடுத்தவர் எத்தனை நாளில் தேறினார் என்று கேட்டு உங்களை அளக்காதீர்கள், ஒவ்வொருவரின் எலும்பும் இழந்தது வேறு வேறு அளவு.

பிறகு பார்க்க வேண்டியவை

எடுத்த சுரப்பியின் பரிசோதனை ரிசல்ட்டைக் கேட்டு வாங்கிப் பையில் போடுங்கள். ஆறு மாதம் கழித்தும் கால்சியம் சரியாக இருந்தால்தான் டாக்டர்கள் குணமானது என்று எழுதுவார்கள். அந்த ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள், அதன் பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை பாருங்கள். 1925இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல் என்ற சர்ஜன் முதன்முதலாக இந்த ஆபரேஷனைச் செய்தது ஒரு டிராம் கண்டக்டருக்கு. எலும்பு நொறுங்கி நடக்க முடியாமல் கிடந்தவர் எழுந்து நடந்தார், ஆனால் சில வருஷத்தில் நோய் திரும்பி வந்தது. இப்போது அப்படித் திரும்புவது குறைவு. வந்தாலும் வருஷா வருஷம் ரத்தம் பார்க்கிறவருக்கு எலும்பு உடையும் முன்பே தெரிந்துவிடும்.

எலும்பு அடர்த்தி ஸ்கேனை ஒன்றிரண்டு வருஷத்தில் திரும்ப எடுப்பார்கள். மெலிந்த எலும்பு மெல்ல மெல்ல ஏறியிருப்பதை அதில் பார்க்கலாம்.

வீட்டில் அண்ணன், தங்கை, சித்தப்பா என்று வேறு யாருக்காவது கால்சியம் அதிகமாக இருந்திருந்தாலோ, சிறுநீரகக் கல் திரும்பத் திரும்ப வந்திருந்தாலோ, உங்களுக்கு நாற்பது வயதுக்கு முன்பே இந்த நோய் வந்திருந்தாலோ, அதை டாக்டரிடம் சொல்லுங்கள். சில குடும்பங்களில் இது பரம்பரையாக வரும், அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. என் தம்பிக்கு மூன்று தடவை கல் வந்திருந்ததை நான் சொன்ன பிறகுதான், டர்பனை ஒட்டிய பீனிக்ஸில் இருக்கிற அவனையும் கால்சியம் பார்க்கச் சொன்னார்கள். அவன் ரத்தம் சரியாக இருந்தது. இப்போது ஒவ்வொரு வருஷமும் என்னோடு சேர்ந்து அவனும் போய்க் கை நீட்டுகிறான்.